உங்களுக்குத் தெரியுமா? ஐ.சி.யூ.வில் பேச்சும் ஒரு சிகிச்சை

அமெரிக்காவின் 13 பெரிய மருத்துவமனைகளில், ஐ.சி.யூ.வில் இருந்த 5,030 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். ஓரிடத்தில், நோயின் கடுமையை வைத்துக் கணக்கிட்ட இறப்புகள் 69, நடந்தவை 41தான். இன்னோரிடத்தில் கணக்கைவிட 58 சதவீதம் கூடுதல். உயர்சிகிச்சையின் அளவையோ ‘மருத்துவக் கல்லூரி’ என்ற பெயரையோவிட, ஐ.சி.யூ. ஊழியர்கள் கலந்து பேசி ஒருங்கிணைந்த விதத்தோடுதான் இந்த வித்தியாசம் அதிகம் ஒத்துப்போனது என்றது 1986இல் வெளியான அந்த ஆய்வு.

• நர்ஸ்–டாக்டர் ஒத்துழைப்பு நன்றாக இருக்கிறதா? ‘ஆம்’ என்ற டாக்டர்கள் 73 சதவீதம். நர்ஸ்கள் வெறும் 33 சதவீதம் (டெக்சாஸ், 2003). இத்தனைக்கும் இரு தரப்பும் வேலை பார்த்தது அதே ஐ.சி.யூ.க்களில்!

• ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஓர் ஐ.சி.யூ.வில், நோயாளிக்கு அன்றைய சிகிச்சை இலக்கு என்னவென்று புரிந்திருந்த நர்ஸ்களும் பயிற்சி டாக்டர்களும் 10 சதவீதத்துக்கும் குறைவு. அந்த இலக்கைக் குறித்து வைக்க, தினமும் நிரப்ப ஒரு படிவம் வந்தது. புரிதல் 95 சதவீதத்தைத் தாண்டியது. நோயாளிகள் ஐ.சி.யூ.வில் தங்கும் காலம் சராசரியாக 2.2 நாளிலிருந்து 1.1 நாளாகக் குறைந்தது. செலவு? காகிதம்தான்.