தேவைக்கேற்பச் சுழலும் பம்பு

பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் மண்ணைப் புரட்டிய பெரும்பொறிகளுள் ஒன்றான தஞ்சோங் துவாலாங் ஈயக் கப்பல், 1938-இல் கட்டப்பட்டு, 1982 வரை உழைத்து, பத்து காஜா அருகே இன்று காட்சிப்பொருளாக நிற்கிறது. மின்மோட்டாரின் சுழற்சியைப் பற்சக்கரங்களும் சங்கிலியில் கோத்த வாளிகளும் மண்ணுக்குக் கொண்டு சென்ற தலைமுறையைச் சேர்ந்தது அது. பின்னாளில் பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் மரங்களைச் சாய்த்து, வீட்டுமனைக்கும் செம்பனைக்கும் நிலத்தைத் திருத்திய மண்வாரி இயந்திரங்களோ எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குபவை. ஜெர்மனியின் டேமாக் நிறுவனம் 1954-இல் முழுவட்டமாகத் திரும்பக்கூடிய, முற்றிலும் ஹைட்ராலிக் முறையில் இயங்கும் மண்வாரியை வெளியிட்ட பிறகு, கம்பிவடத்தால் இழுக்கப்படும் வாளிகள் படிப்படியாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டன. அத்தகைய மண்வாரியைப் பதினான்கில் ஒரு பங்கு அளவில் உலோக மாதிரியாகச் செய்து வானொலி அலையால் இயக்கும் ஆர்வலர்கள், மூலப் பொறியின் அடிப்படைச் சிக்கல் ஒன்றை வேறொரு வழியில் தீர்க்க வேண்டியிருக்கிறது.

அடைபட்ட திரவத்தின் மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பதே ஹைட்ராலிக் முறையின் அடிப்படை. பெரிய மண்வாரியில் அழுத்தம் ஏறத்தாழ 350 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 350 மடங்கு. மாதிரியில் 30 பார் அளவே போதும். 12 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட சிலிண்டர் அந்த அழுத்தத்திலேயே சுமார் 35 கிலோ எடைக்கு நிகரான விசையைத் தருகிறது.

விசையை அழுத்தம் தீர்மானிக்க, வேகத்தை எண்ணெயின் ஓட்டம் தீர்மானிக்கிறது. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. பெரிய இயந்திரத்தில் டீசல் எஞ்சின் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, பம்பினுள் உள்ள சாய்தட்டின் கோணம் மாறி, ஒரு சுற்றுக்கு வெளியேறும் எண்ணெயின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. மாதிரியின் சிறிய பற்சக்கரப் பம்பில் அத்தகைய தட்டு இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு எண்ணெய்தான் வெளிவரும் என்பதால், ஓட்டத்தை மாற்ற மோட்டாரின் வேகத்தையே மாற்றியாக வேண்டும்.

மாற்றாமல் முழு வேகத்தில் ஓடவிட்டால் என்ன ஆகும்? நடுநிலையில் எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும் திறந்த மைய வால்வில் இழப்பு குறைவு. ஆனால் மைய வழி அடைபட்ட வால்வில், அழுத்தம் வரம்பு மீறும்போது திறக்கும் காப்பு வால்வின் வழியாகவே எண்ணெய் முழுவதும் பிதுங்கி வெளியேற வேண்டும். நிமிடத்துக்கு 0.6 லிட்டர் எண்ணெய் 30 பார் அழுத்தத்தில் இவ்வாறு வெளியேறினால், 30 வாட் ஆற்றல் வெப்பமாகிறது. தொட்டியிலும் குழாய்களிலும் உள்ள எண்ணெய் 150 மில்லிலிட்டர் என்று கொண்டு, உலோகமும் காற்றும் வாங்கிக்கொள்ளும் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஐந்தே நிமிடத்தில் வெப்பநிலை சுமார் 36 பாகை செல்சியஸ் உயரும். பேராக்கின் சிலிபின் பகுதியில் நண்பகல் வெயில் 33 பாகையைத் தொடும் நாளில் எண்ணெய் 70 பாகையை நெருங்கிவிடும். சூட்டில் நீர்த்துப்போன எண்ணெய் பம்பின் பற்களுக்கிடையே கசிய, மண்வாரியின் கை தளர்ந்து இயங்கும். குளிர்நாட்டு ஆர்வலர் பொருட்படுத்தாமல் விடக்கூடிய பிழையை இந்த வெப்ப மண்டலம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே பம்புக் கட்டுப்பாட்டுப் பலகை என்னும் சிறு மின்னணுச் சுற்று தேவைப்படுகிறது. ரிசீவர் எனப்படும் ஏற்பி, ஒவ்வொரு வால்வையும் திருப்பும் சர்வோ என்னும் சிறு மோட்டாருக்கும் நொடிக்குப் பொதுவாக 50 துடிப்புகளை அனுப்புகிறது. துடிப்பின் நீளம் 1.5 மில்லிநொடி என்றால் நடுநிலை, 1 அல்லது 2 மில்லிநொடி என்றால் ஒரு பக்கம் முழுத் திருப்பம். அத்துடிப்புகளைக் கிளைக்கம்பி வழியே வாங்கும் பலகை, ஒவ்வொன்றும் நடுநிலையிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று அளந்து, மோட்டாரின் வேகக் கட்டுப்படுத்திக்குக் கட்டளை தருகிறது. பெரிய விலகலை மட்டும் பார்ப்பதா, விலகல்களைக் கூட்டுவதா என்பதில் ஆர்வலர்களிடையே இருவேறு பழக்கங்கள் உண்டு. உடலோடு இணைந்த பெருங்கையும் வாளியைத் தாங்கும் சிறுகையும் ஒரே நேரத்தில் அசையும்போது ஓட்டம் இரண்டாகப் பிரிவதால், கூட்டுவதே பொருத்தமானது. பளுவினால் தானே இறங்கும் பெருங்கைக்கு அதே அளவு வேகம் வேண்டியதில்லை என்பதால், இறக்கும் திசைக்குக் குறைந்த பங்கு கொடுப்பது நல்லது. நடுநிலையில் பம்பை அறவே நிறுத்தாமல் மெல்லச் சுழலவிடுவதற்கும் காரணம் உண்டு: உணரி இல்லாத, தூரிகையற்ற மோட்டார் நின்ற நிலையிலிருந்து அழுத்தத்தை எதிர்த்துப் புறப்படும்போது திக்கித் திணறும்.

பளபளக்கும் சிலிண்டர்களுக்குத் தாராளமாகச் செலவிடுவோர் பலர் கம்பிகளில் சிக்கனம் பார்ப்பது வியப்புக்குரியது. பேட்டரியிலிருந்து வேகக் கட்டுப்படுத்திக்குச் செல்லும் கம்பி தடித்ததாகவும் குட்டையாகவும் இருப்பதோடு, பேட்டரியை ஒட்டியே உருகி எனப்படும் பியூஸும் இருக்க வேண்டும். பல சர்வோக்கள் ஒருங்கே இயங்கும்போது மின்னழுத்தம் சரிந்து ஏற்பி ஒரு கணம் அணைந்துவிடுவதைத் தவிர்க்க, சர்வோக்களுக்கெனத் தனி மின்வழங்கி அமைப்பதுண்டு. அப்போது வேகக் கட்டுப்படுத்தியிலிருந்து ஏற்பிக்கு வரும் சிவப்புக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும், எதிர்மின் கம்பிகளை மட்டும் எங்கும் ஒன்றாக இணைத்தே வைக்க வேண்டும். பொது எதிர்மின் இணைப்பு அறுந்தால் துடிப்பை எதனோடு ஒப்பிட்டு அளப்பது என்ற அடிப்படையே இல்லாமல் போய், சர்வோ மனம்போனபடி ஆடும்.

அலைத்தொடர்பு அறுந்துபோனால் பம்பு முழுமையாக நின்று, வால்வுகள் நடுநிலைக்குத் திரும்புமாறு ஏற்பியில் முன்கூட்டியே அமைத்துவிட்டு, வாளியைத் தரையில் ஊன்றிய நிலையில், கையிலுள்ள, டிரான்ஸ்மிட்டர் எனப்படும் பரப்பியை அணைத்துச் சோதித்த பின்னரே இயந்திரத்தை மண்ணில் இறக்குவது முறை. உயர்ந்து நிற்கும் பெருங்கையை அடைபட்ட வால்வு தாங்கிக்கொள்ளும் என்றாலும், நுண்ணிய கசிவினால் அது சிறிது சிறிதாகத் தாழ்வது இயல்பே; அதனால் அதன் கீழ் விரல் வைப்பது மாதிரியிலும் தகாது.