சீட்டைத் தடுத்தால் பணம் எங்கே போகும்?

2025 ஆகஸ்ட் மாதம் இந்தியாவில் மூன்றே நாளில் ஒரு சட்டம் வந்தது. 20ம் தேதி லோக்சபா, 21ம் தேதி ராஜ்யசபா, 22ம் தேதி ஜனாதிபதி ஒப்புதல். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு அத்தனைக்கும் தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு சிறை, 1 கோடி ரூபாய் அபராதம் வரை போகலாம். விளம்பரத்தில் வருபவருக்கும் தண்டனை உண்டு, பணப் பரிமாற்றம் செய்து கொடுப்பவருக்கும் உண்டு. ஆடுகிறவருக்கு மட்டும் இல்லை. பெரிய ரம்மி, போக்கர் ஆப்கள் உடனே பணம் வைத்து ஆடும் மேசைகளை மூடின.

இங்கே அமெரிக்காவில் இந்தப் படம் 2006லேயே ரிலீஸ் ஆகிவிட்டது. இரண்டாம் பாதி வரை ஓடியும் முடிந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். நான் நியூ ஜெர்சியில் பேமென்ட் சாஃப்ட்வேர் எழுதும் ஒரு சாதாரண இன்ஜினியர். சூதாட்டத்துக்கு வக்கீல் இல்லை. ஆனால் ஒரு இடத்தில் குழாயை அடைத்தால் பணம் எந்தப் பக்கம் பீறிடும் என்று பார்ப்பதுதான் என் தொழில்.

முதல் பாதிக் கதை இதுதான். 2003ல் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மனிமேக்கர் என்ற அக்கவுண்டன்ட், ஆன்லைனில் சின்னத் தொகை கட்டி ஜெயித்து, அதன் மூலம் லாஸ் வேகாஸில் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் போட்டிக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் அள்ளினார். (பெயரே மனிமேக்கர்! சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.) அந்த வருஷம் முக்கியப் போட்டியில் 839 பேர். 2006ல் 8,773 பேர். காலேஜ் ஹாஸ்டலில் நம்ம ஆட்கள் கவுன்டர் ஸ்டிரைக் ஆடியது போல அங்கே பையன்கள் போக்கர் ஆடினார்கள்.

2006 அக்டோபர் 13ல் துறைமுகப் பாதுகாப்பு மசோதாவோடு ஒட்டி வந்த ஒரு சட்டத்தில் ஜார்ஜ் புஷ் கையெழுத்துப் போட்டார். அதுவும் ஆடுகிறவனைத் தொடவில்லை. பணம் வாங்கும் கம்பெனியையும், அனுப்பும் வங்கியையும்தான் பிடித்தது. லண்டன் பங்குச் சந்தையில் இருந்த பெரிய போக்கர் கம்பெனி அமெரிக்க வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு வெளியேறியது. அதன் பங்கு விலை ஒரே நாளில் பாதிக்கு மேல் சரிந்தது. சட்டத்துக்குப் பயந்த, கணக்கு வழக்கு வெளியே தெரியும் கம்பெனி முதலில் போனது. பயப்படாதவர்கள் இருந்தார்கள். வெளியேறியவரின் வாடிக்கையாளர்கள் அவர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். இந்த ஒரு வரியைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

இனி என் துறை. கார்டில் பணம் கட்டும்போது கடையின் வகையைச் சொல்ல நான்கு இலக்க எண் ஒன்று கூடவே போகும். சூதாட்டத்துக்கு 7995. வங்கி அந்த எண்ணைப் பார்த்தால் தள்ளிவிடும். அப்போ என்ன பண்ணினாங்க? இல்லாத கடைகளைக் காகிதத்தில் திறந்தார்கள். கோல்ஃப் பந்து விற்கிறோம், நகை விற்கிறோம் என்று பில் போட்டார்கள். இது நானாகச் சொல்வதல்ல, 2011 ஏப்ரல் 15ல் நியூயார்க் அரசு வழக்கறிஞர் ப்ரீத் பராரா வெளியிட்ட குற்றப்பத்திரிகையில் உள்ளது. போக்கர் ஆட்கள் அந்த நாளை இன்னமும் கறுப்பு வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.

அன்றைக்கு மூன்று பெரிய தளங்கள் முடங்கின. போக்கர்ஸ்டார்ஸ் தன் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குச் சீக்கிரமே பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஃபுல் டில்ட் கொடுக்கவில்லை. கொடுக்க அவர்களிடம் பணமே இல்லை. உலகம் முழுக்க ஆட்டக்காரர்களுக்கு 39 கோடி டாலர் பாக்கி, வங்கியில் இருந்தது 6 கோடி என்று அரசுத் தரப்பு சொன்னது. அதே சமயம் உரிமையாளர்கள் நான்கு வருஷத்தில் 44 கோடி டாலருக்கு மேல் பிரித்து எடுத்திருந்தார்கள். அதில் உலகமே கொண்டாடிய போக்கர் சாம்பியன்களும் அடக்கம். கடைசியில் போக்கர்ஸ்டார்ஸே அரசோடு 73 கோடி டாலர் சமரசம் செய்து ஃபுல் டில்ட்டை வாங்கியது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் வர ஆரம்பித்தது 2014 பிப்ரவரியில். கிட்டத்தட்ட மூன்று வருஷம்.

இதற்கெல்லாம் ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? ரத்தக் கொதிப்போடு எம்.பி.க்களுக்குக் கடிதம் எழுதினார்கள். சங்கம் வைத்தார்கள், முன்னாள் செனட்டர் ஒருவரைத் தலைவராகப் பிடித்தார்கள். அதையே தொழிலாக வைத்திருந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் போனார்கள். நாம் எச்1பி விசாவுக்குக் கியூவில் நின்ற அதே காலத்தில், சீட்டு ஆடுவதற்காக அமெரிக்காவை விட்டே போனவர்கள் இருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

எல்லோரும் சொன்ன வாதம் ஒன்றே: இது அதிர்ஷ்டம் இல்லை, திறமை. 2012ல் புரூக்ளின் நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன் அதை ஒப்புக்கொண்டார். அடுத்த வருஷமே மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு போய்விட்டது. தமிழ்நாட்டிலும் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்றே சொன்னது. மத்திய சட்டமோ திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே தூக்கிப் போட்டுவிட்டது. பணம் கட்டுகிறாயா, தடை. எதிர்த்துப் போன வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

திறமை வாதம் பொய் இல்லை. ஆனால் பாதி உண்மை. என் சித்தி பையன் கோயம்புத்தூரில் இருக்கிறான். அவனும் இன்ஜினியர். நாலு வருஷமாக ஆடிய ஒவ்வொரு நாளையும் எக்செல்லில் எழுதி வைத்திருக்கிறான். ஷீட்டைப் பார்த்தேன், லாபம்தான். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு ராத்திரி 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்று விதி போட்டபோது அவன் கொதித்துப் போனான். "அண்ணா, அந்த நேரத்துலதான் டேபிள் நல்லா இருக்கும்" என்றான். நல்லா இருக்கும்னா என்னடா என்றேன். "தூங்காம, தண்ணி போட்டுட்டு, விட்டதைப் பிடிக்க வர்றவங்க அப்பதான் இருப்பாங்க."

அவன் திறமைசாலி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு கையிலும் தளம் தன் கமிஷனை எடுத்துக்கொண்ட பிறகு மேசையில் மிச்சமிருப்பது எதிரே உட்கார்ந்தவனின் பணம்தான். திறமைக்குச் சம்பளம் கொடுப்பது அந்த ராத்திரி 2 மணி ஆள். அவன் வீட்டுக் கதையைத்தான் நாம் செய்தியில் படிக்கிறோம். நீதிபதி கே.சந்துரு குழு 2022ல் தமிழக அரசிடம் அறிக்கை கொடுக்க நேர்ந்ததும் அந்த வீடுகளால்தான். ஆகவே நடுராத்திரித் தடையை நான் ஆதரிக்கிறேன். கிரிக்கெட் ஸ்டாரை வைத்து வந்த விளம்பரங்கள் ஒழிந்ததற்குக் கை தட்டுகிறேன்.

மத்திய சட்டம் வந்த அடுத்த வாரம் அவனிடமிருந்து போன். "அண்ணா, உங்க ஊர்ல லீகல்தானே? உங்க பேர்ல ஒரு அக்கவுன்ட், உங்க வீட்டு லேப்டாப்பை ஆன்ல வெச்சா போதும், நான் இங்கிருந்து ரிமோட்ல ஆடிக்கறேன். லாபத்துல பாதி."

அவன் சொன்னதில் ஒன்று சரி. நியூ ஜெர்சியில் 2013லிருந்து ஆன்லைன் போக்கர் சட்டப்படி நடக்கிறது. 21 வயது ஆகியிருக்க வேண்டும், சோஷியல் செக்யூரிட்டி எண் கொடுக்க வேண்டும், மாநில எல்லைக்குள் உடம்போடு இருக்க வேண்டும். நியூயார்க்கிலிருந்து பாலம் தாண்டி வந்து காரில் உட்கார்ந்து ஆடிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சுற்றியுள்ள வைஃபை சிக்னல்களை வைத்து இடத்தைச் சரிபார்க்கும் சாஃப்ட்வேர், ரிமோட் டெஸ்க்டாப் ஓடுகிறதா என்றும் பார்க்கும். அவன் திட்டம் பத்து நிமிஷம் தாங்காது. தாங்கினாலும் என் பேரில் வரும் வருமானம், என் வரி, என் கிரீன் கார்டு விண்ணப்பம். முடியாதுடா என்றேன். இரண்டு வாரம் பேசவில்லை. சித்தி எனக்குப் போன் பண்ணி "அவனுக்கு ஏதோ உதவி கேட்டானாம், நீ செய்யலையாமே" என்றார். என்ன உதவி என்று நான் சொல்லவில்லை.

அப்புறம் அவனே வேறு வழி கண்டுபிடித்தான். இப்போது அவன் ஆடுவது வெளிநாட்டில் இருந்து இயங்கும் ஒரு கிளப் ஆப். ஆப்பில் பணமே கிடையாது, வெறும் பாயின்ட். பணத்தை வாங்குவதும் கொடுப்பதும் ஒரு ஏஜென்ட், டெலிகிராமில். முகம் தெரியாது. யு.பி.ஐ. ஐ.டி. வாரம் ஒன்று மாறுகிறது, ஒரு வாரம் மளிகைக் கடை பெயர், அடுத்த வாரம் மொபைல் ரிப்பேர். கோல்ஃப் பந்து கதைதான், ஊர் மட்டும் மாறியிருக்கிறது. பழைய ஆப்பில் பான் கார்டு இருந்தது, ஜெயித்ததில் 30 சதவீதம் வரி பிடித்தார்கள், ராத்திரி 12 மணிக்குக் கதவும் சாத்தினார்கள். ஏஜென்ட்டிடம் எதுவும் இல்லை. ராத்திரி மேசை திரும்பவும் "நல்லா" இருக்கிறதாம்.

அமெரிக்கா இரண்டாம் பாதியில்தான் விழித்தது. ஆட்டக்காரர் பணத்தைத் தனியாக வை, யார் ஆடுகிறார் என்று தெரிந்துகொள், அளவு மீறினால் அவரே தன்னைத் தடுத்துக்கொள்ள வழி கொடு என்று சில மாநிலங்கள் உரிமம் கொடுத்தன. மற்ற மாநிலங்களில் இன்றும் கள்ளத் தளங்கள் ஓடுகின்றன. தமிழ்நாடு 2025 பிப்ரவரியில் போட்ட விதிகள் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் இருந்தன. ஜூனில் உயர் நீதிமன்றமும் அவற்றைச் சரி என்றது. அவை வேலை செய்கின்றனவா என்று பார்க்க ஒரு வருஷமாவது கொடுத்திருக்கலாம். இரண்டரை மாதத்தில் அதன் மேலேயே மத்தியத் தடை வந்து விழுந்தது.

போன வாரம் அவன் கணக்கில் 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்கான பாயின்ட் இருந்தது. பணமாக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். ஏஜென்ட் "நாளைக்கு" என்றிருக்கிறார். போலீசுக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்கிறான். ஆடியவனுக்குச் சட்டத்தில் தண்டனை இல்லை, போ என்றுதான் சொன்னேன். "போய் என்ன பேர் சொல்றது அண்ணா, அந்த ஆளோட பேரே தெரியாதே" என்கிறான்.