முடி சாய்ந்த கதை – 14: வந்தவாசியில் தோற்றவரின் மகன்

இந்த வாரம் பாரிஸின் பாஸ்டில் சிறைக்கோட்டை விழும் என்று சொல்லியிருந்தேன். விழாது. தொடர்ந்து படிப்பவர்களுக்குக் கதை நினைவிருக்கும்: பிரெஞ்சு ராஜாவின் கஜானா காலி, 1614-க்குப் பிறகு கூட்டப்படாத, மூன்று வகுப்பாரின் பிரதிநிதிகள் கூடும் எஸ்டேட்ஸ் ஜெனரல் 1789 மே 5 அன்று வெர்சாயில் கூடியாயிற்று, ஓட்டு தலைக்கா, வகுப்புக்கா என்ற தகராறில் பொதுமக்களின் பிரதிநிதிகள் தாங்களே தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டார்கள். புதிதாக வந்தவர்கள் பழைய இதழ்களைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூன் 25 அன்று 47 பிரபுக்கள் தங்கள் வகுப்பை உதறிவிட்டு அந்தச் சபையில் வந்து உட்கார்ந்தார்கள். இதை ஒரு வரியில் முடித்துவிட்டு பாஸ்டிலுக்குப் போவதாகத்தான் இருந்தேன். அந்த 47 பேரில் ஒருவர் பெயர் லாலி-தொலாந்தால். பள்ளிக்கூடத்தில் கர்நாடகப் போர்ப் பாடத்தில் வருவாரே, வந்தவாசியில் தோற்ற கவுண்ட் டி லாலி, அவருடைய மகன்! அதற்குப் பிறகு பேனா பாரிஸ் பக்கம் நகர மறுத்துவிட்டது.

நம் கலசப்பாக்கத்திலிருந்து வந்தவாசிக்குப் போளூர், சேத்துப்பட்டு வழியாகப் போக வேண்டும். 1760 ஜனவரி 22 அன்று அங்கேதான் ஐர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் மோதின. லாலியின் சிப்பாய்களுக்குப் பல மாதச் சம்பள பாக்கி. முந்தைய அக்டோபரில் வெள்ளைக்காரச் சிப்பாய்களே கலகம் செய்து, கொஞ்சம் பணத்தைக் கண்ணில் காட்டிய பிறகுதான் திரும்பி வந்தார்கள். சண்டையில் லாலி முன்னால் நின்று கூப்பிட்டும் குதிரைப்படை அசையவில்லை. குளத்தை ஒட்டி அமைத்த காவலில் நின்ற வெடிமருந்து வண்டிமேல் ஆங்கிலேயர் குண்டு ஒன்று விழுந்தது. வண்டி வெடித்துச் சிதற, சுற்றியிருந்தவர்கள் மாண்டார்கள், மற்றவர்கள் ஓடினார்கள். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடிபட்டார். சில நாளில் சேத்துப்பட்டுக் கோட்டையும் பிறகு ஆற்காடும் போயின. மறு ஜனவரியில் புதுச்சேரியும்.

லாலிக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. 1758-இல் பணம் தேடித் தஞ்சாவூர்மேல் படையெடுத்துப் போகும் வழியில் கீழ்வேளூர்க் கோயிலைக் கொள்ளையிட்டு, புதையலுக்காகக் குளத்தைக்கூடத் தோண்டிப் பார்த்தவர். ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்டு அந்தணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்ட புண்ணியவான். அப்படியும் பெரிய புதையல் கிடைக்கவில்லை.

புதுச்சேரி விழுந்தபின் லண்டனில் போர்க்கைதியாக இருந்த லாலி, தன்மேல் துரோகக் குற்றம் சுமத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானே பிரான்சுக்குத் திரும்பினார். 1762 நவம்பரில் பாஸ்டிலில் அடைத்தார்கள். ஆக, வாக்களித்தபடி கோட்டைக்குள் நுழைந்துவிட்டோம், 27 வருஷம் முன்னதாக! ஒன்றரை வருஷத்துக்கு மேல் விசாரணையே இல்லை. ராஜாவின் முத்திரைக் கடிதம் ஒன்று போதும், யாரையும் எத்தனை காலமும் உள்ளே வைக்கலாம் என்ற காலம். கடைசியில் பாரிஸ் உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 15-ஆம் லூயி மன்னிக்கவில்லை. 1766 மே 9 அன்று, பேசிவிடக் கூடாதென்று வாயில் துணியடைத்துக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். இந்தியாவை இழந்த பழிக்கு யாராவது ஒருவர் தலை கொடுக்க வேண்டியிருந்தது.

அப்போது மகனுக்கு 15 வயது. இன்னார் தன் அப்பா என்பதே தண்டனை நாளன்றுதான் அந்தப் பையனுக்குத் தெரிந்தது. வளர்ந்ததும் வழக்கைக் கையிலெடுத்தார். எழுத்தாளர் வால்டேர் துணைக்கு வந்தார். 1778-இல் 16-ஆம் லூயியின் ஆலோசனைக் குழு தீர்ப்பை ரத்து செய்தது. சாகக் கிடந்த வால்டேருக்குச் சேதி எட்டியது. சில நாளில் இறந்துபோனார். ஆனால் மறுவிசாரணைக்குப் போன மாகாண உயர் நீதிமன்றங்கள் கையை விரித்துவிட்டன. ராஜாவே ரத்து செய்தும் முழு விடுதலை கிடைக்கவில்லை. இப்படிப்பட்டவர் 1789-இல் எந்தப் பக்கம் போய் உட்காருவார் என்று கேட்கவும் வேண்டுமா?

வந்தவாசிதான் பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணம் என்று நான் சொன்னால் ஆசிரியர் தொடரை நிறுத்திவிடுவார். கடன்தான் காரணம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. வந்தவாசிச் சண்டையையும் உள்ளடக்கிய ஏழாண்டுப் போரில் ஒரு கடன். அமெரிக்கச் சுதந்திரப் போரில் இங்கிலாந்தைப் பழிவாங்க 100 கோடி லீவருக்கு மேல் இன்னொரு செலவு. அந்தப் போரும் நம் பக்கம் வராமல் போகவில்லை: 1782 ஜூன் 2 அன்று ஆரணியில் ஐதர் அலியோடு மோதியவர் அதே ஐர் கூட். மறுவருஷம் கடலூரில் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை வகித்தவர் வந்தவாசியில் பிடிபட்ட அதே புஸ்ஸி, தள்ளாத வயதில்! 1788-இல் பிரெஞ்சு அரசின் வரவு சுமார் 50 கோடி லீவர். செலவு 63 கோடி. அதில் பாதி கடனுக்கே போனது. பிரபுக்களுக்குப் பல வரிகளிலிருந்து விலக்கு. புது வரியைப் பதிவு செய்ய மறுத்து ராஜாவை எஸ்டேட்ஸ் ஜெனரலிடம் தள்ளியது எது தெரியுமா? லாலியைக் கொன்ற அதே நீதிமன்றம்.

ஆரணியில் பட்டு நெய்யும் நண்பர் ஒருவர் வாராவாரம் போன் செய்து, “இன்னா சார், ராஜா தலை எப்பதான் விழும்?” என்று கேட்பார். இந்தக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “முன்பணம் வாங்குனவனுக்குத் தறி சொந்தமா சார்?” என்றார். பதினாறாம் லூயியின் நிதியமைச்சர்கள் பக்கம் பக்கமாக எழுதி விளக்கியது இதைத்தான்.

மகன் லாலிக்கு ராஜாவை ஒழிப்பது நோக்கமல்ல. இங்கிலாந்தைப்போல இரண்டு அவைகள், கட்டுக்குள் ஒரு ராஜா, அவ்வளவே. 1789 செப்டம்பரில் சபை அதை நிராகரித்தது. அக்டோபரில் பாரிஸ் பெண்கள் வெர்சாய்க்கு நடந்துபோய் ராஜாவைக் கூட்டிவந்ததும் மனிதர் வெறுத்துப்போய் நாட்டைவிட்டே கிளம்பினார். பிறகு ராஜாவை விசாரணைக் கூண்டில் ஏற்றியபோது, வாதாட நான் வருகிறேன் என்று இங்கிலாந்திலிருந்து எழுதினார். கூண்டில் நின்றவர், இவருடைய அப்பாவை மன்னிக்க மறுத்த 15-ஆம் லூயியின் பேரன். சபை அவரைக் கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் பாஸ்டில் நிச்சயம். உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.