வேட்டைக்கு ஓடும் நாய்

நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் 'குருளை' என்னும் ஒரே பெயரைத் தொல்காப்பிய மரபியல் உரியதாக்குகிறது. பெண்பன்றியும் பெண்நாயும் 'பாட்டி' எனப்பெறும் என்றும் அது கூறும். துரத்தும் விலங்கிற்கும் துரத்தப்படும் விலங்கிற்கும் ஒரே பெயர் அமைந்திருப்பது வகுப்பறையில் எடுத்துக்காட்டத் தக்க செய்தி. முற்றத்தில் படுத்துறங்கும் நாயைக் காட்டிலிருந்து நாம் முற்றும் பிரித்துவிடவில்லை என்பதை, திடீரென அது வேலி தாண்டி மறையும்போது உணர்கிறோம்.

குளுவாங் வாழ்வோர்க்கு இது புதுமையன்று. அவ்வூர்ப் பெயரே ஒரு காட்டுயிரின் பெயர். மலாய் மொழியில் 'கெலுவாங்' என்பது பழந்தின்னும் பெரிய வௌவாலைக் குறிக்கும். ஊரை அடுத்து லம்பாக் மலை. கிழக்கே பெலுமுட் மலை. கஹாங் வழியே சென்றால் எண்டாவ்–ரொம்பின் தேசியப் பூங்காவின் பெருங்காடு. இடையில் பால்மரத் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் பரந்துள்ளன. உதிர்ந்த செம்பனைப் பழம் காட்டுப்பன்றிக்கு விருந்து. இளங்கன்றின் குருத்தையும் அது தோண்டித் தின்னும். எனவே பன்றியைத் துரத்தும் நாயைத் தோட்டப்புற மக்கள் பாராட்டி வந்தனர். அப்பாராட்டு ஓரளவே தகும்.

நாய் ஏன் ஓடுகிறது? பசியால் என்பது பொதுவான எண்ணம். அது முழு உண்மையன்று. மோப்பம் பிடித்தல், பதுங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல் என வேட்டை பல படிகளாக நிகழ்வது. மனிதன் தன் தேவைக்கேற்ப இப்படிகளுள் சிலவற்றை வளர்த்தும் சிலவற்றை அடக்கியும் நாயினங்களை உருவாக்கினான். முயலைக் கண்டதும் பாயும் சிப்பிப்பாறை நாய் ஒருவகை. காவலுக்குப் பெயர்பெற்ற கோம்பை நாய் மற்றொருவகை. துரத்துவதே நாய்க்கு இன்பம். இரை கிட்டாவிடினும் அவ்வின்பம் குறைவதில்லை. ஆதலின் வயிறார உண்ட நாயும் ஓடும். ஆண்நாய் துணை தேடியும் அலையும். கருத்தடை செய்வதால் இவ்வலைச்சல் குறையும், வேட்டை விருப்பம் பெரும்பாலும் குறையாது.

இதனால் வரும் இடர்கள் பல. காட்டுப்பன்றியின் கோரைப்பல் நாயின் வயிற்றைக் கிழிக்க வல்லது. பன்றிக்கு வைத்த கம்பிக்கண்ணி நாயின் கழுத்தையும் இறுக்கும். செம்பனையை அழிக்கும் எலிகளைத் தின்று தோட்டத்திற்கு நன்மை செய்யும் சிறுத்தைப்பூனையை நாய் கொன்றுவிடுவதும் உண்டு. அதுவோ 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் உயிர். வெறிநாய்க்கடி நோயையும் மறத்தல் ஆகாது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் சரவாக்கிலும் அந்நோய் தோன்றியது. அலையும் நாய்க்குத் தடுப்பூசி இன்றியமையாதது.

இவற்றினும் நுண்ணியது அண்டை வீட்டார் உறவு. காட்டிற்கு ஓடும் நாய் பிறர் வாசல்களைக் கடந்தே செல்கிறது. நாயின் ஈரம் பட்டால் ஏழுமுறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவித் தூய்மை செய்வது இங்குள்ள இஸ்லாமியரின் சமயநெறி. நமக்குச் செல்லமான நாய் அவர் முற்றத்தில் நுழைந்தால் அது அவருக்குத் தொல்லையே. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டிலும் இத்தகைய காட்சி உண்டு. தலைவனின் வேட்டை நாய்கள் தினைப்புனம் காத்த மகளிரை வளைத்துக்கொள்கின்றன. அவர்கள் நடுங்கி அவ்விடம்விட்டு அகல்கின்றனர். தலைவனோ பின்னரே வந்து, தன்னிடமிருந்து தப்பிய விலங்கைப் பற்றி இன்சொல்லால் வினவுகிறான். நாயை வளர்ப்பவன் காணும் நாய் வேறு, எதிர்ப்படுபவர் காணும் நாய் வேறு என்பதைக் கபிலர் நன்கு அறிந்திருந்தார்.

இனிச் செய்யத்தக்கவை யாவை? காட்டுப்பன்றியும் மரநாயும் நடமாடும் அந்தி முதல் விடியல் வரை நாயை அடைப்பிலோ கட்டிலோ வைத்தல் வேண்டும். கட்டியே வைத்தலும் கொடுமை. ஆதலின் பகலில் வாரிட்டு நெடுந்தூரம் நடத்திச் செல்லலும், மறைத்த உணவை மோப்பத்தால் தேடச் செய்தலும் நல்லன. பெயர் சொல்லி அழைத்ததும் திரும்பிவரும் பழக்கத்தை நீண்ட கயிற்றில் கட்டிப் பல நாள் பயிற்ற வேண்டும். வந்தபோதெல்லாம் அதற்கு விருப்பமான உணவு தரவேண்டும். இரு நாய்கள் சேர்ந்தால் துணிவு மிகும். அவற்றை ஒருங்கே அவிழ்த்து விடலாகாது. உள்ளூராட்சி மன்ற உரிமம் பெற்று, அதன் அடையாளத்தைக் கழுத்துப்பட்டையில் அணிவித்தல் கடமை.

ஓடிப்போன நாயை எங்கே தேடுவது? செக் நாட்டு ஆய்வாளர்கள் 27 வேட்டை நாய்களின் கழுத்தில் இடங்காட்டும் கருவி பொருத்தி, அவை காட்டுக்குள் ஓடித் திரும்பிய வழிகளைப் பதிந்து, முடிவுகளை 2020இல் வெளியிட்டனர். பெரும்பாலான வேளைகளில் நாய்கள் தாம் சென்ற தடத்தையே முகர்ந்து திரும்பின. வேறு வழியே திரும்பிய நாய்களுள் பல, முதலில் வடக்கு–தெற்குத் திசையில் சுமார் 20 மீட்டர் ஓடிப் பின்னரே தம் வழியைத் தெரிந்தன. நிலத்தின் காந்தப்புலத்தை அவை உணரக்கூடும் என்பது அவ்வாய்வாளர் கருத்து. எனவே, நாய் மறைந்த இடத்திலேயே காத்திருப்பது நன்று. இருட்டிவிட்டால், உடுத்திய துணி ஒன்றை அங்கு இட்டு வைத்து, விடியலில் மீண்டும் சென்று பார்க்கலாம்.

திரும்பிய நாயைச் சினத்தால் அடிப்பவர் பலர். ஓடியதற்காக அடிப்பதாக அவர் எண்ணுகிறார். வந்ததற்காக அடி விழுந்ததாகவே நாய் கொள்கிறது. அடுத்தமுறை அது வரத் தயங்கும். சேறும் முள்ளுமாய் வந்து நிற்பதற்கு நீர் கொடுத்து, காயம் உண்டா என்று பார்த்து, பிறகு வேலியில் அது நுழைந்த ஓட்டையை அடைக்கச் செல்வதே அறிவுடைமை.