மிதவெப்பக் கண்ணாடி மாளிகை
கியூ தாவரவியல் பூங்கா, லண்டன்

எஞ்சியுள்ள விக்டோரியா காலக் கண்ணாடி மாளிகைகளில் உலகிலேயே பெரியது இது. டெசிமஸ் பர்ட்டன் வடிவமைத்தார். 1860-இல் தொடங்கிய கட்டுமானம் 1899-இல்தான் நிறைவுற்றது.

செடிகளை வளர்த்த ஈரமே இரும்புச் சட்டங்களை அரித்தது. 2013-இல் மாளிகை மூடப்பட்டது. செடிகள் வெளியேற்றப்பட்டன, பழைய வண்ணப்பூச்சும் துருவும் சுரண்டி எடுக்கப்பட்டன, சட்டங்கள் செப்பனிடப்பட்டுப் புது வண்ணம் பெற்றன, சுமார் 15,000 கண்ணாடிகள் மாற்றப்பட்டன. 2018 மே மாதம் மீண்டும் திறக்கப்பட்டது.

‘என்செபலார்டோஸ் உட்டியை’ செடியைத் தவறாமல் பாருங்கள். தென்னாப்பிரிக்கக் காட்டில் இந்த இனத்தில் கண்டறியப்பட்டது ஒரே ஓர் ஆண் செடிதான். பெண் செடி இன்றுவரை கிடைக்கவில்லை. காட்டில் அது அற்றுப்போனாலும், அதன் பக்கக்கன்றுகள் வழியே இனம் நிலைக்கிறது. இத்தகைய உயிர்களுக்கு இந்தக் கூரையே அடைக்கலம்.