தட்டிவிட்டு உள்ளே போ!

"ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி மூணு தடவ கதவத் தட்டணும். உள்ள யாராவது இருந்தா வெளிய போயிடுவாங்க!"

ஹோட்டலுக்குப் போகும் மலேசியர்களில் இந்த அறிவுரையைக் கேட்காதவர் குறைவு. எனக்கு இதை முதலில் சொன்னவன் இடைநிலைப்பள்ளியில் படித்த மலாய் நண்பன். தமிழ்ப்பள்ளியில் முனியையும் மோகினியையும் மட்டுமே அறிந்திருந்த எனக்குப் பொந்தியானாக்கை அறிமுகம் செய்து வைத்தவனும் அவனே!

சென்ற ஆண்டு சித்தப்பா மகளின் திருமண விருந்து கோலாலம்பூர் மெஜஸ்டிக் ஹோட்டலில் நடந்தது. அன்றிரவு பழைய கட்டடத்தில் எங்களுக்கு ஓர் அறை கிடைத்தது. செய்தி அறிந்த அறைத்தோழன், "அங்கயா? அது பேய் உள்ள இடம்லா!" என்றான்.

அந்தப் பேச்சு எப்படி வந்திருக்கும்? கட்டடத்தின் வரலாற்றைப் பார்த்தாலே புரியும். 1910-இல் கட்டப்பட்ட பழைய ரயில் நிலையத்துக்கு எதிரே, 1932-இல் திறக்கப்பட்ட ஹோட்டல் இது. ஜப்பானியர் காலத்தையும் கண்டது. 1984 முதல் 1998 வரை தேசிய ஓவியக் கூடமாக இருந்தது. அதன்பின் பல ஆண்டுகள் பயன்பாடின்றிக் கிடந்து, 2012-இல் மீண்டும் ஹோட்டலானது. நகரின் நடுவே விளக்கில்லாமல் நிற்கும் பெரிய கட்டடத்துக்குக் கதை கட்ட நம் மக்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

நான் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைந்தேன். இருந்தும் விடியற்காலை மூன்று மணியளவில் விழிப்பு வந்தபோது கைகால் அசையவில்லை. கட்டிலோரம் யாரோ நிற்பதுபோல் இருந்தது. கத்த நினைத்தேன், குரல் வரவில்லை. சில விநாடிகளில் எல்லாம் சரியாகிவிட்டது. பிறகு எங்கே தூங்குவது?

திரும்பி வந்ததும் நூலகத்தில் தேடிப் படித்தேன். எனக்கு நேர்ந்தது தூக்க முடக்கம். கனவு காணும் தூக்கத்தில் நம் தசைகளை மூளை செயலற்று வைத்திருக்கும். இல்லையென்றால் கனவில் ஓடும்போது நாம் கட்டிலிலிருந்து விழுந்துவிடுவோம்! சில வேளை தசைகள் விடுபடும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. கண் திறந்திருக்கும், கனவும் தொடரும். இதைத்தான் நம் பெரியவர்கள் 'பேய் அமுக்குது' என்றார்கள்.

சரி, ஏன் ஹோட்டலில்? 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டறிந்தார்கள். புதிய இடத்தில் முதல் இரவு தூங்கும்போது, மூளையின் ஒரு பாதி மற்றப் பாதியைவிடக் குறைவாகவே ஆழ்ந்து தூங்குகிறது. காவலாளிபோல் ஒலிகளைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. தூக்கம் குலைந்தால் தூக்க முடக்கம் வரும் வாய்ப்பும் கூடுகிறது. பழைய கட்டடங்களில் பகல் வெயிலில் விரிந்த மரமும் குழாய்களும் இரவில் சுருங்கி 'டக், டக்' என்று ஓசை எழுப்பும். அரைத்தூக்கத்தில் இருப்பவனுக்கு அது காலடி ஓசைதான்!

1998-இல் விக் டேண்டி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இன்னொரு காரணத்தை முன்வைத்தார். அவர் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் சாம்பல்நிற உருவம் ஒன்று தெரிந்தது. தேடிப் பார்த்ததில், ஒரு மின்விசிறி சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வை எழுப்பிக்கொண்டிருந்தது. காதுக்குக் கேட்காத அந்த அதிர்வுதான் காரணம் என்றார். இதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. ஆனாலும் பயந்து ஓடாமல் காரணம் தேடினாரே, அதைப் பாராட்ட வேண்டும்.

இத்தனையும் படித்துத் தெளிந்த பெருமையோடு பாட்டியிடம் போய் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அங்க பேய் இருந்தா அது எங்கப்பாவா இருந்தாலும் இருக்கும்டா. ஜப்பான்காரன் தோட்டத்துல ஆளுங்களப் புடிச்சு ஏத்திக்கிட்டுப் போன ரயிலு அந்த ஸ்டேஷன் வழியாத்தான் போச்சாம். போனவருதான். எனக்கு அப்ப மூணு வயசு."

1943-இல் சயாமுக்குப் போன ரயில் அது. சயாம்-பர்மா இடையிலான 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதையில் நம் தோட்டத்து மக்கள் பல்லாயிரம் பேர் காய்ச்சலிலும் காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். பள்ளியில் இரண்டு வரியாகப் படித்து, தேர்வுக்கு எழுதிய பாடம் அது. ஹோட்டல் வாசலில் நின்று அந்த நிலையத்தைப் படம் எடுத்தபோதுகூட எனக்கு அது நினைவுக்கு வரவில்லை!

பூட்டனாரின் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பாட்டி சொல்லச் சொல்ல எழுதி வைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வயது வரை நான் கேட்டதில்லை; கேட்காததால் அவரும் சொன்னதில்லை.

நண்பர்களே, ஹோட்டல் அறைக் கதவைத் தட்டுவதும் தட்டாததும் உங்கள் விருப்பம். இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனால், தாத்தா பாட்டியின் அறைக் கதவை ஒருமுறை தட்டுங்கள். உள்ளே இருப்பவர் சொல்லக் காத்திருக்கிறார்.