கடலே முகவரி – 9: நாற்பத்தொன்பது நாள் சமையல்

சென்ற வாரம் புயலைக் கடந்தோம். பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டவர்களுக்குப் புயல் எப்போதாவது வரும் விருந்தாளி. கூடவே குடியிருப்பவை ஈரமும் தூக்கக் குறைவும்தான்.

அப்படிப் படகையே வீடாக்கிக்கொண்டவர்கள் லின், லாரி பார்டி தம்பதி. அவர்களுடைய முதல் படகு 'செராஃபின்'. கலிஃபோர்னியாவில் லாரி தன் கையாலேயே கட்டி, 1968-ல் கடலில் இறக்கியது. நீளம் 24 அடிக்குக் கொஞ்சம் மேல். இயந்திரம் கிடையாது. அதில்தான் 11 ஆண்டுகள் உலகைச் சுற்றினார்கள். ஜப்பானிலிருந்து கனடாவுக்கு 49 நாள் ஓடியபோது, அன்றன்று என்ன சமைத்தோம் என்று லின் எழுதி வைத்தார். 1980-ல் அது புத்தகமாயிற்று. கடற்பயணம் போகிறவர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

இப்படிப்பட்ட படகுகளில் சமையல் என்றால் பாதி வேலை காவல்தான். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் அடிக்கடி கொட்டிப் புரட்ட வேண்டும். ஒன்று அழுகினால் மூட்டையே போய்விடும். முட்டை ஓட்டில் வாசலின் தடவி, சில நாளுக்கு ஒருமுறை திருப்பி வைப்பார்கள். பாத்திரம் கழுவக் கடல் நீர். கடல் நீர் பட்ட துணியோ முழுதாக உலராது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் மழை வந்தால் கொண்டாட்டம். பாயில் படிந்த உப்பு கழுவிப் போகும்வரை முதல் தண்ணீரை விட்டுவிட்டு, பிறகு வாளியைப் பிடிப்பார்கள். தலைக்கு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சுகம் அன்றைக்குத்தான்.

இரவில் இருவரும் சேர்ந்து தூங்க முடியாது. அடிவானத்தில் தெரிகிற சரக்குக் கப்பல் 20 நிமிடத்தில் பக்கத்தில் வந்து நிற்கலாம். மூன்று மணி நேரம் ஒருவர் விழிப்பு, மூன்று மணி நேரம் மற்றவர். ஒரே படகில் இருந்தும் கணவனும் மனைவியும் முகம் பார்த்துப் பேசுவது முறை மாறும் அந்தச் சில நிமிடங்களில்தான். அப்போது கைமாறும் சூடான கோப்பைக்குக் கரையில் ஈடு கிடையாது.

காற்று விழுந்துவிட்டால்? இயந்திரம் இல்லாத படகு காத்திருக்கத்தான் வேண்டும். துறைமுகத்துக்குள் என்றால் துடுப்பு இருக்கிறது. நடுக்கடலில் பொறுமை ஒன்றுதான். ஆனால் அந்தப் படகில் பழுதாகி நிற்க இயந்திரமும் இல்லை, டீசலுக்குப் பணம் தேட வேண்டியதும் இல்லை. செலவு சுருங்கியதால்தான் பயணம் நீண்டது.

1983-ல் அவர்கள் இரண்டாவது படகை இறக்கினார்கள். 'டலேசின்', ஏறக்குறைய முப்பது அடி. இப்போதாவது இயந்திரம் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. மற்ற படகுகளில் இயந்திரம் உட்காரும் அந்த இடத்தில், உட்கார்ந்து குளிக்க ஒரு சின்னத் தொட்டியை வைத்துக்கொண்டார்கள். எது இல்லாமல் வாழலாம், எது இருந்தால் மனம் நிறையும் என்று 11 ஆண்டுக் கடல் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

(பயணம் தொடரும்)